ஊதுபத்திக் கணக்கு

எமது பாடசாலையின் ஆசிரியர் அறைச் சுவரிலே சென்ற ஆண்டு ஒரு நாட்காட்டி தொங்கியது. நகரத்துக் கடையொன்று வாடிக்கையாளருக்கு இலவசமாக வழங்கியது அது. ஏப்ரில் மாதத் தாளில் யப்பானிய இளம்பெண் ஒருத்தியின் படம் இருந்தது. கல் பாவிய ஒடுங்கிய வீதி. இருமருங்கும் கரிய மரச்சட்டங்களிட்ட பழைய வீடுகள். வெண்பூச்சுப் பூசிய முகத்தைப் பாதி திருப்பியவளாய், கூந்தலிலே பட்டு மலர்கள் ஊசலாட, முதுகிலே நீண்ட கச்சை தொங்க, அவள் நடந்து போகின்றாள். படத்தின் கீழே 'கியோட்டோ, கியோன்' என்ற இரு சொற்கள் மாத்திரம் அச்சிடப்பட்டிருந்தன.

கொப்பிக் கட்டைச் சுமந்து வந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் படத்தின் முன்னே சற்று நின்றாள். அவளுடைய தாய் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிப்பவர்.

"டீச்சர், இவங்க என்ன வேலை செய்யிறாங்க?" என்று கேட்டாள்.

ஆடலும் பாடலும் பயின்று, விருந்துக்கு வருவோரை மகிழ்விப்பது இவளுடைய தொழில் என்று நாம் சொன்னோம். அவள் அத்துடன் விட்டாளில்லை.

"அப்ப இவங்களுக்குப் பேரு எப்படி விழும், டீச்சர்?"

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்க்கு இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒருவருடைய ஒரு நாள் உழைப்புச் செக்ரோலிலே பதியப்படுவதையே அங்கு 'பேர் விழுதல்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் அரைப்பேர்தான். அந்தப் பேரை நம்பியே அடுப்பு எரிகின்றது. பட்டாடை உடுத்தி மெல்ல நடக்கும் இந்தப் பெண்ணின் உழைப்பை அளப்பவர் யார், எதனைக் கொண்டு அளப்பர், அளந்தது யாருடைய கையில் சேரும் என்பதே அச்சிறுமியின் வினா.

நாம் பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்றவர். மருதத்திணைச் செய்யுள்களை வகுப்பிலே பொருள் விரித்து உரைப்பவர். தலைவியின் ஊடலை எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம். பரத்தையின் வயிற்றுப்பாடு எவ்வாறு கழிந்தது என்று ஒருநாளேனும் நினைத்ததில்லை. ஆகையால் மாணவியின் வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. விடை தேடிக் கியோனின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை ஈண்டு வாசகரோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

கியோட்டோ நகரின் கிழக்கே, காமோ ஆற்றுக்கு அப்பால், யசாக்கா என்னும் ஆலயம் இருக்கின்றது. 1868ஆம் ஆண்டுக்கு முன்னர் அதற்குக் கியோன் என்பதே பெயர். 869ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது தெய்வத்தைச் சாந்தப்படுத்த எடுத்த விழா, இன்றும் யூலை மாதம் முழுவதும் கியோன் விழாவாக நடைபெறுகின்றது. ஆலயத்துக்கு வந்த யாத்திரிகரின் தாகந் தணிக்க வாயிலருகே தேநீர்க் கொட்டில்கள் தோன்றின. தேநீர் கொடுத்த பெண்கள் காலப்போக்கில் மதுவும் பரிமாறினர். வருவோரைப் பாடியும் ஆடியும் மகிழ்வித்தனர். ஆற்றங்கரையிலே கபுக்கி நாடக அரங்குகள் பெருகியமை இவ்வட்டாரத்துக்கு மேலும் உயிரூட்டிற்று. 18ஆம் நூற்றாண்டிலே அரசின் அனுமதி பெற்ற தேநீர்மனைகள் நிறைந்த இடமாகக் கியோன் வளர்ந்தது. 1748ஆம் ஆண்டில் முதன்முதலாக மேடையேறிய 'கனதெஹொன் சூஷின்குரா' என்னும் புகழ்பெற்ற நாடகத்தின் ஏழாம் அங்கம் கியோனின் இச்சிரிக்கி என்ற தேநீர்மனையிலேயே நிகழ்கின்றது. செந்நிறச் சுவர்களோடு அம்மனை இன்றும் அங்கே நிற்கின்றது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு சமுதாயக் காரணம் உண்டு. தொக்குகாவாக்களின் நிலமானிய ஆட்சியிலே வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று சமுதாயம் அடுக்கப்பட்டிருந்தது. வணிகன் அடுக்கிலே கடையன். ஆயின் பணமோ அவனிடத்திற் குவிந்தது. அரசியலிலே இடமில்லாத பணம் கேளிக்கையிலே தனக்கென ஓர் இராச்சியத்தை அமைத்துக்கொண்டது. வரி கொடுத்து நலிந்த உழவனின் மகள் அந்த இராச்சியத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரே பஞ்சம் ஒரு வீட்டிலே பட்டினியையும் வேறொரு வீட்டிலே மலிந்த விலைக்குக் கிடைத்த பணிப்பெண்ணையும் உண்டாக்கிற்று.

'கெய்ஷா' என்ற சொல்லின் பொருள் கலையாள் என்பதே. தொடக்கத்திலே இப்பெயர் ஆண்களுக்கு உரியதாயிருந்தது. விருந்திலே மத்தளங் கொட்டியும் நகைச்சுவை பேசியும் கூட்டத்தை நடத்தியவர்கள் அவர்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் பெண்கள் இத்தொழிலுக்கு வந்தனர்; சில பத்தாண்டுகளில் ஆண்களை விஞ்சினர். உடலை விற்கும் கணிகையர்க்கு அரசு வேறு வட்டாரங்களை ஒதுக்கியிருந்தது. கியோட்டோவிலே அது ஷிமபாரா. கலை விற்பவள் வேறு, உடல் விற்பவள் வேறு என்று ஏட்டிலே கோடு கிழிக்கப்பட்டிருந்தது. கடன்பட்ட பெண்ணின் வாழ்க்கையில் அக்கோடு பலமுறை அழிக்கப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்தே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கெய்ஷா என்றாலே விலைமகள் என்று எள்ளுவோரும், அவள் தூய கலையின் திருவுருவம் என்று போற்றுவோரும் பாதியை மாத்திரமே கண்டவர்கள்.

அவர்களுடைய கலையைப் பற்றி முதலிற் சொல்லுவோம். ஏனெனில் அது உண்மையான கலை. கியோட்டோவிலே கெய்ஷாவைக் கெய்க்கோ என்பர். பயிலும் இளையவளை மைக்கோ என்பர். மைக்கோ என்பதற்கு ஆடற்குழந்தை என்று பொருள். பெண் முதலில் ஒக்கியா எனப்படும் மனையொன்றிலே சேர்கின்றாள். அம்மனையின் தலைவியை 'அம்மா' என்றே அழைத்தல் வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு வீட்டுவேலை செய்து, கியோட்டோவின் பேச்சையும் வணங்கும் முறையையும் கற்று, நடனம் பயில்கின்றாள். பின்னர் மூத்தவள் ஒருத்தியோடு மதுக்கிண்ணம் மாற்றி அருந்திச் சகோதரியாகி, மைக்கோவாக வெளிவருகின்றாள். முதலாண்டில் கீழுதட்டுக்கு மாத்திரமே செஞ்சாயம் பூசலாம். தலையிலே செருகும் மலர்கள் மாதந்தோறும் மாறும். ஐந்து மீற்றரினும் நீண்ட கச்சையை முதுகிலே தொங்கவிடுவாள். அதன் நுனியிலே அவளை வளர்க்கும் மனையின் முத்திரை நெய்யப்பட்டிருக்கும். ஏறத்தாழ இருபது வயதிலே சிவந்த கழுத்துப்பட்டியை நீக்கி வெள்ளைப்பட்டி அணியும் சடங்கு நிகழும். அன்றிலிருந்து அவள் கெய்க்கோ.

கியோனின் பெரும்பகுதியான கியோன் கொபுவிலே இனோவே மரபு நடனம் ஒன்றே ஆடப்படுகின்றது. 'நோ' நாடகத்தின் சாயல் படிந்தது அது. முழங்காலைத் தாழ்த்தி உடலை நிலத்தோடு பொருத்தி, முகத்திலே உணர்ச்சி காட்டாது, சிறிய அசைவிலே பெரிய துயரை உணர்த்தும் ஆடல் அது என்பர். அம்மரபின் தலைமை பெண்களுக்கே உரியது. தலைவியர் எல்லோரும் இனோவே யச்சியோ என்ற ஒரே பெயரைத் தாங்குவர். நான்காம் யச்சியோ 1905ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1955ஆம் ஆண்டில் வாழும் தேசியச் செல்வமாகப் போற்றப்பட்டார். 2004ஆம் ஆண்டிலே தமது தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார். ஐந்தாம் யச்சியோவுக்கும் 2015ஆம் ஆண்டில் அதே மதிப்புக் கிடைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்ணொருத்தி பெண்ணொருத்திக்குக் கையளித்து வந்த கலையை இழிவாகப் பேச எவர்க்கு உரிமை உண்டு?

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். பேர் எப்படி விழுந்தது?

ஊதுபத்தியால் விழுந்தது. மணிக்கூடு வழக்குக்கு வராத அக்காலத்திலே, விருந்துக்கு வந்த பெண்ணின் நேரத்தை ஊதுபத்தி கொளுத்தி அளந்தனர். அவள் இருந்து எழுவதற்குள் எத்தனை பத்திகள் எரிந்து முடிந்தனவோ அத்தனைக்குக் கணக்கு. அதனால் அவளுடைய கட்டணத்துக்கு 'ஊதுபத்திக் காசு' என்றே பெயர் வழங்கிற்று. 'மலர்க்காசு' என்பது இன்னொரு பெயர். கூலி என்ற சொல்லை உச்சரிக்கக் கூசியவர்கள் நறுமணத்தையும் மலரையும் கொண்டு அதனை மூடினார்கள்.

விருந்திலே பணம் கண்ணிற் படுவதில்லை. முன்பின் அறியாதவனைத் தேநீர்மனை உள்ளே விடாது. பழைய வாடிக்கையாளன் ஒருவன் அழைத்து வந்து பொறுப்பேற்க வேண்டும். உணவு வெளியிலிருந்து வரும். வண்டிக்கூலி முதற்கொண்டு எல்லாவற்றையும் தேநீர்மனையே கொடுத்துப் பின்னர் ஒரே கணக்காக அனுப்பும். கனவான் காசைத் தொடாமலே எழுந்து போகலாம். அவன் காசைத் தொடாதிருப்பதற்காக வேறு பலர் இரவிரவாகக் கணக்கெழுதினர். தேநீர்மனைக்கு ஒரு பங்கு, பதிவு நிலையத்துக்கு ஒரு பங்கு, ஒக்கியாவுக்கு எஞ்சியது. ஆடியவளுக்கோ அவளுடைய கடனிலே ஒரு சிறு கழிவு.

கடன் என்பதே இவ்வரலாற்றின் மையம். வறிய தந்தை மகளை மனையிலே விட்டுவிட்டு முற்பணம் பெற்றான். பெற்றவன் தந்தை, அடைக்க வேண்டியவள் மகள். அவள் உண்ட சோறு, உடுத்த பட்டு, பயின்ற பாடம், நோயுற்றபோது வந்த வைத்தியன் எல்லாம் முற்பணத்தின் மேலே ஏறின. அவளை அழகுபடுத்திய ஒவ்வொரு பொருளும் அவளைக் கட்டிய கயிற்றுக்கு ஒரு முறுக்கு. செல்வன் ஒருவன் கடனை அடைத்து அவளை மீட்டுக்கொண்டு போகலாம். அவள் மீண்டது மனையிலிருந்து. சேர்ந்தது இன்னோர் உடைமையாளனிடம்.

இக்கடனுக்கு எதிராக யப்பானிலே எழுந்த முதற் பெரும் ஆணை பிறந்த கதை வியப்பானது. 1872ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் யொக்கொகாமாத் துறைமுகத்தை அடைந்தது. மக்காவோவிலிருந்து பெருவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட சீனக் கூலிகள் அதில் இருந்தனர். ஒருவன் கடலிலே குதித்துப் பிரித்தானியக் கப்பலொன்றை அடைந்து தம்மவர் படும் கொடுமையைச் சொன்னான். யப்பானிய நீதிமன்றம் வழக்கை விசாரித்துக் கூலிகளை விடுவித்தது. ஆனால் வழக்கிலே கப்பல் தலைவனின் வழக்கறிஞன் ஒரு கூரிய வாதத்தை எடுத்துரைத்தான். ஆளை ஒப்பந்தத்தாற் பிணிப்பது குற்றமென்று கூறும் யப்பான், தன் பெண்களை முற்பணம் கொடுத்து ஆண்டுக்கணக்கிலே பிணித்து வைத்திருக்கின்றதே என்று அவன் கேட்டான்.

அக்கேள்வி அரசைச் சுட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியிலே கணிகையரையும் கெய்ஷாக்களையும் விடுவிக்கும் ஆணை பிறந்தது. அதனையொட்டி நீதி அமைச்சு வெளியிட்ட விளக்கம் விசித்திரமானது. இப்பெண்கள் மனித உரிமையை இழந்து மாடு குதிரைகளின் நிலையில் இருப்பவர்கள்; மாட்டிடமும் குதிரையிடமும் கடனைத் திருப்பிக் கேட்பார் இல்லை; ஆகவே இவர்களிடமும் கேட்டல் தகாது என்பது அதன் கருத்து. விடுதலை கொடுத்த அதே வாக்கியம் அவர்களை விலங்கோடு சேர்த்து எண்ணிற்று! தன் கடன் நீங்கியதென்று மகிழ்வதா, தான் மாடென்று எழுதப்பட்டதற்கு அழுவதா என்று அறியாது எத்தனை பெண்கள் திகைத்திருப்பார்களோ!

இதைப் படித்தபோது மலைநாட்டுப் பழைய கதைகளை நினையாதிருக்க எம்மால் முடியவில்லை. கப்பலிலே கிடந்த சீனக் கூலியையும் மனையிலே கிடந்த யப்பானியப் பெண்ணையும் பிணித்த அதே முற்பணந்தான் இந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே 'துண்டு' என்ற பெயரோடு உலாவியது. கடன் தொகை எழுதிய அந்தத் துண்டுச் சீட்டு இன்றித் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. அவனை எடுக்கும் தோட்டம் அவனுடைய கடனையும் எடுக்கும். 1921ஆம் ஆண்டிலே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எமது மாணவி பேரைப் பற்றிக் கேட்டது தற்செயலன்று. அவளுடைய பாட்டன் பூட்டன் காலத்து அனுபவம் அவளுடைய நாவிலிருந்து பேசியது.

ஆணை பிறந்தது, வறுமை ஒழியவில்லை. வீடு திரும்பிய பெண்ணுக்கு வீட்டிலே சோறில்லை. மனைகள் 'வாடகை அறைகள்' என்று பெயர் மாற்றிக்கொண்டன. பெண்கள் தம் விருப்பத்தின் பேரிலே அவ்வறைகளை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்வதாக ஏடுகள் எழுதப்பட்டன. விருப்பம் என்ற சொல்லுக்கு இதனினும் கொடிய பயன்பாடு இருத்தல் அரிது.

அதே 1872ஆம் ஆண்டிலே கியோனில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1869ஆம் ஆண்டில் தலைநகர் ரோக்கியோவுக்குப் பெயர்ந்தபின் கியோட்டோ களையிழந்து கிடந்தது. நகரை மீட்க எண்ணிய நிருவாகம் ஒரு கண்காட்சியை நடத்திற்று. இச்சிரிக்கி மனையின் தலைவரும் மூன்றாம் இனோவே யச்சியோவும் சேர்ந்து, கியோன் பெண்கள் கூட்டமாக மேடையில் ஆடும் 'மியாக்கோ ஒதோரி' என்னும் தலைநகர் நடனத்தை அதற்கென உருவாக்கினர். மூடிய அறையிலே சில செல்வர்க்காக ஆடப்பட்டது முதன்முறையாகச் சீட்டு வாங்கிய எவரும் காணக்கூடிய ஆடலாயிற்று. இன்றும் ஏப்ரில் மாதந்தோறும் அது நடைபெறுகின்றது. அடுத்த ஆண்டிலே பெண்களுக்கு நெசவும் தையலும் எழுத்தும் கற்பிக்கும் தொழிற்கூடம் ஒன்று கியோனிலே தொடங்கிற்று. காலப்போக்கில் அது நடனமும் இசையும் தேநீர்ச் சடங்கும் பயிற்றும் பள்ளியாயிற்று. தொழிலில் இருக்கும் வரை மூத்த கெய்க்கோக்களும் அங்கே மாணவிகளே என்று படித்தபோது, ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாயிற்று.

நாட்காட்டிப் படத்திலே கண்ட அந்தப் 'பழம்பெரும்' வீதியும் இக்காலத்தின் படைப்பே. ஹனாமிக்கோஜி வீதியின் தென்பகுதி முன்னர் கென்னின்ஜி என்னும் பௌத்த மடத்தின் நிலமாயிருந்தது. மெய்ஜி அரசு அதனை எடுத்த பின்னரே அங்கு தேநீர்மனைகள் எழுந்தன. மரபு என்று நாம் வணங்குவனவற்றுட் பல, அண்மைக் காலத்து நிலப் பறிமுதலிலும் நகரப் பொருளாதாரத்திலும் பிறந்தவை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1920களில் யப்பான் முழுவதிலும் ஏறத்தாழ 80,000 கெய்ஷாக்கள் இருந்தனர் என்பர். அவர்கள் வாய் மூடி இருந்தார்கள் என்று நினைத்தல் தவறு. கியோட்டோவுக்கு அண்மையிலுள்ள ஒசாக்காவிலே 1937ஆம் ஆண்டிற் கெய்ஷாக்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். முதலாளிகள் அதனை ஏற்க மறுத்தபோது வேலையை நிறுத்தி, ஷிகி மலையிலுள்ள கோவிலொன்றிலே கூடித் தங்கிப் போராடினர். பட்டுடுத்த தொழிலாளியும் தொழிலாளியே என்பதை நாட்டுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது. நாட்காட்டிகளில் அதற்கு இடமில்லை.

இப்பெண்களின் துயரைக் கலையாக்கியவர்களுள் திரைப்பட நெறியாளர் மிசோகுச்சி கெஞ்சி முதன்மையானவர். அவருடைய தமக்கையே குடும்ப வறுமையாற் கெய்ஷாவாக்கப்பட்டவர். அவருடைய உழைப்பிலே இவர் வளர்ந்தார். 1936ஆம் ஆண்டில் அவர் எடுத்த 'கியோன் சகோதரிகள்' என்ற படத்திலே, ஆடவனை நம்பி அன்பு செலுத்திய அக்காளும், அவர்களை ஏமாற்றிப் பிழைக்க முயன்ற தங்கையும் ஒருங்கே தோற்கின்றனர். கெய்ஷா என்ற தொழில் உலகில் ஏன் இருக்க வேண்டும் என்று மருத்துவமனைக் கட்டிலிலே கிடந்தபடி தங்கை கதறுவதோடு படம் முடிகின்றது. 1953ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் கியோனுக்குத் திரும்பினார். அப்படத்திலே பயிலும் பெண்ணொருத்தி, விருப்பமற்றவளை வாடிக்கையாளன் வற்புறுத்தினால் அது புதிய அரசியலமைப்புத் தந்த உரிமையை மீறுவதாகாதா என்று வகுப்பிலே கேட்கின்றாள். சட்டம் இருக்கின்றது, நடைமுறை வேறு என்ற வகையிலேயே அவளுக்குப் பதில் கிடைக்கின்றது. ஆசிரியராகிய எம்மை அக்காட்சி நாணச் செய்தது. மாணவரின் நேரிய கேள்விக்கு நாமும் எத்தனை முறை அவ்வாறு மழுப்பியிருக்கின்றோம்!

பிறர் எடுத்துரைத்தது அவ்வளவு. தன் கதையைத் தானே எழுதியவரும் ஒருவர் உண்டு. மசுதா சயோ என்பவர் கியோனைச் சேர்ந்தவரல்லர். சுவா என்னும் வெந்நீரூற்று நகரிலே வறிய கெய்ஷாவாக வாழ்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பிறர் குழந்தையைச் சுமக்கும் வேலைக்கு விடப்பட்டு, பன்னிரண்டு வயதளவிலே கெய்ஷா மனைக்கு விற்கப்பட்டார். பள்ளிக்கூடம் கண்டறியாதவர். பிற்காலத்திலே முயன்று கற்ற எளிய எழுத்திலே தம் வாழ்வை எழுதினார். 1957ஆம் ஆண்டில் அது நூலாயிற்று. கியோனின் பட்டும் இசையும் அந்நூலில் இல்லை. பசியும் அடியும் உடன்பிறந்தவன் மேற் கொண்ட பாசமும் உண்டு. கெய்ஷா உலகம் என்ற பெரிய கட்டிடத்துக்குக் கியோன் மாடி. சுவா போன்ற ஊர்கள் அதன் அத்திவாரம்.

போர் எல்லாவற்றையும் நிறுத்திற்று. 1944ஆம் ஆண்டிலே உயர்தரக் கேளிக்கை மனைகள் மூடப்பட்டன. ஆடிய கைகள் போர்த்தளவாடம் செய்தன. போருக்குப் பின் வந்த சட்டங்களே உண்மையான மாற்றத்தைக் கொணர்ந்தன. 1947ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பதினைந்து வயது வரை பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கிற்று. அதே ஆண்டின் தொழிற் சட்டம் முற்பணத்தைக் கூலியிலே கழிப்பதைத் தடுத்தது. 1955ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம், மகளின் உழைப்பால் அடைக்கப்பட வேண்டுமென்று தந்தைக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 1956ஆம் ஆண்டிலே பரத்தமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி 1958ஆம் ஆண்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மாடு குதிரை என்று எழுதப்பட்ட 1872ஆம் ஆண்டுக்கும் இதற்கும் இடையே எண்பத்தாறு ஆண்டுகள்!

இன்று கியோட்டோவிலே கியோன் கொபு, கிழக்குக் கியோன், பொன்தோச்சோ, மியகவச்சோ, கமிஷிச்சிக்கென் என்னும் ஐந்து வட்டாரங்களிலும் சேர்த்துச் சில நூறு பேரே இத்தொழிலில் உள்ளனர். எவரும் அவர்களை விற்பதில்லை. படத்தைக் கண்டு ஆசைப்பட்டுத் தொலைதூர ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் பெற்றோரின் இசைவோடு வருகின்றனர். அவர்களை நம்பி நிஷிஜின் நெசவாளரும் விசிறி செய்வோரும் மலர்ப்பூண் செய்வோரும் வாழ்கின்றனர். இருப்பினும், பயிலும் ஆண்டுகளிலே மைக்கோவுக்குச் சம்பளம் இல்லை. உணவும் உடையும் கைச்செலவும் மாத்திரமே. ஈட்டியது மனைக்குச் சேரும். 2022ஆம் ஆண்டில் முன்னாள் மைக்கோ ஒருவர், தமது பதினாறாம் வயதிலே மது அருந்த வைக்கப்பட்டதாகவும், வாடிக்கையாளரோடு நீராடும்படி நெருக்கப்பட்டதாகவும் சமூக ஊடகத்திலே எழுதினார். மைக்கோ பயிலுநரா, தொழிலாளியா என்ற வினா மீண்டும் எழுந்தது. பயிலுநர் என்ற மெல்லிய சொல்லின் பின்னே உழைப்பை மறைப்பது பழைய ஊதுபத்தி வித்தையின் தொடர்ச்சியே ஆகும்.

பிறநாட்டு உல்லாசப் பயணிகளோ அவர்களைக் காட்சிப்பொருளாக்கிவிட்டனர். வேலைக்கு விரையும் பெண்ணைத் துரத்திப் படம் பிடிக்கின்றனர். ஆடையைப் பற்றி இழுக்கின்றனர். 2019ஆம் ஆண்டிலே தனியார் ஒழுங்கைகளிற் படம் பிடித்தால் 10,000 யென் என்று பலகை நாட்டினர். அதுவும் போதாமல் 2024ஆம் ஆண்டில் அவ்வொழுங்கைகளில் நுழைவதையே தடுத்தனர். எமது ஆசிரியர் அறைச் சுவரிலே தொங்கிய படமும் அத்தகைய துரத்தலில் எடுக்கப்பட்டதோ என்று எண்ணியபோது, முன்னர் அதனைப் பார்த்து இரசித்தது போல இரசிக்க முடியவில்லை.

கியோனிலே ஷிரகாவா ஓடைக்கரையில் ஒரு கவிதைக்கல் உண்டு. கியோனை நேசித்துப் பாடிய கவிஞர் யோஷீ இசாமுவைச் சிறப்பித்து 1955ஆம் ஆண்டில் நாட்டப்பட்டது அது. அவர் விரும்பித் தங்கிய தேநீர்மனை நின்ற இடம் அதுவே. 1945ஆம் ஆண்டிலே, குண்டுவீச்சுத் தீ பரவாதிருக்க வெளி அமைப்பதற்காக அம்மனை இடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவெம்பர் 8ஆம் நாள் கெய்க்கோக்களும் மைக்கோக்களும் அக்கல்லின் முன்னே செவ்வந்தி மலர் வைத்து வணங்குகின்றனர். கவிஞரை நாம் குறை கூறவில்லை. அவருடைய அன்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆயின் அவர் கவிதைக்கு மதுவார்த்த பெண்களின் பெயரைத் தாங்கிய கல் எங்கே என்று கேட்காதிருக்க எம்மால் முடியவில்லை. விருந்துண்டவனை வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது. பரிமாறியவள் ஒவ்வோர் ஆண்டும் மலர் கொண்டு வருகின்றாள்.

கலையைக் காப்போம் என்போர் சிலர் கடனையும் சேர்த்துக் காக்க விரும்புகின்றனர். கடனை ஒழிப்போம் என்போர் சிலர் கலையையும் சேர்த்து எரிக்க விரும்புகின்றனர். இரண்டும் வேண்டா. இனோவே நடனத்தின் ஒவ்வோர் அடியும் அதனை ஆடிய பெண்களின் உழைப்பு. ஆகவே அது அவர்களுடைய சொத்து. அச்சொத்தின் மேலே பிறர் எழுதி வைத்த கடன்பத்திரத்தைக் கிழித்தெறிந்து, நியாயமான கூலியும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், வேண்டியபோது வெளியேறும் வழியும் அவர்களுக்கு உறுதியாகும் நாளிலேதான் கலையாள் என்ற பெயர் முழுப்பொருள் பெறும். அதற்கான சட்டங்கள் பெரும்பாலும் ஏட்டிலே உள்ளன. ஏட்டிலிருந்து வீட்டுக்குள் அவற்றைக் கொண்டு செல்வதே எஞ்சிய வேலை. அவ்வேலையை ஆணைகள் மாத்திரம் செய்துவிடா என்பதை 1872ஆம் ஆண்டு காட்டியது. பெண்களே கூடிக் கேட்டல் வேண்டும் என்பதை ஷிகி மலை காட்டியது.

இவற்றையெல்லாம் ஒரு பிற்பகல் எமது மாணவியிடம் சொன்னோம். பாடநேரம் முடிந்து வகுப்பு வெறுமையாயிருந்தது. ஊதுபத்தி கொளுத்தி நேரம் அளந்தார்கள் என்றபோது அவள் சிரித்தாள். பின்னர் சிறிது யோசித்துக் கேட்டாள்:

"பத்தி அணைஞ்சு போச்சின்னா அரைப்பேருதானா, டீச்சர்?"

நூல்களிலே இதற்கு விடை காணவில்லை என்று ஒப்புக்கொண்டோம். கொழுந்துக் கூடையின் நிறையைத் தராசு குறைத்துக் காட்டும் என்று அறிந்த வீட்டிலிருந்து வந்தவள் அவள். எந்த அளவுகோலைக் கண்டாலும் அதைப் பிடித்திருக்கும் கையை முதலிற் பார்க்க அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கற்க வேண்டியவர் நாமே.